பெருச்சாளி வைத்த காது

எண்பதுகளில் தர்மபுரி ஜில்லாவில் சந்தை சந்தையாகச் சுற்றிய மிருகப் படையில் புலி நான்தான். நான் ஒரு உறுமல் விட்டால் மொரப்பூர்ச் சந்தையில் கட்டிக் கிடக்கிற மாடெல்லாம் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

பொய். புலி வேறொருத்தர். நான் யானை. முழு யானைகூட இல்லை, யானையின் பின்னங்கால். இன்றைக்கும் ஊரில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'பின்னங்கால் வூடு எதுங்க?' என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து, வாத்தியாருக்கே சலித்துப்போய் வெளியே வந்தவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

ஆனால் பெருச்சாளியைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. உண்மையே எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஜில்லாவில் மண்ணுக்கு மேலே நடப்பது தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மண்ணுக்குக் கீழே நடப்பது தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

பல்பொடி விற்கிற ஒரு முதலாளிக்குத் திடீரென்று ஞானம் வந்ததில் ஆரம்பித்தது எங்கள் படை. சொத்தைப்பல் அரக்கன் ஊருக்குள் புகுந்து பிள்ளைகளைக் கடிக்கிறான். நான்கு மிருக வீரர்கள் சேர்ந்து அவனை விரட்டுகிறார்கள். கடைசியில் எல்லோரும் பல் தேய்க்கிறார்கள். இதுதான் ஆட்டம். ஒரு பழைய டெம்போ, ஒரு மைக்செட், பகல் நேரத்துச் சந்தைக் கூட்டம். மொரப்பூரில் தையல்கடை வைத்திருந்த பாஷா பாய் எங்கள் தலைவர், அவர்தான் புலி. எல்லா மிருகத்தின் தோலும் அவர் கை தைத்ததுதான். ஆரோக்கியம் கரடி. கரடித் தோலை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டால் அவனே அரக்கன். அதனால் அரக்கன் வருகிற நேரத்தில் கரடி எப்போதும் 'தேன் எடுக்கப் போயிருக்கும்.'

யானைக்கு முன்னங்கால் முனுசாமி. சந்தை இல்லாத நாளில் அவனுக்குக் கிணறு வெட்டுகிற வேலை. யானைக்குள் கண்ணுக்கு ஓட்டை அவனுக்கு மட்டும்தான். எனக்குத் தெரிந்த உலகமெல்லாம் அவன் முதுகு. அதனால் எங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தோம். கையைப் பின்னால் விட்டு என் தலையில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் நட. மூன்று தட்டினால் நிமிர், யானை கும்பிடப் போகிறது.

"இது எங்க கிணத்துச் சட்டம்டா" என்பான் முனுசாமி. "அடியில இருக்கறவன் கத்தினா மேல வர்றதுக்குள்ள சத்தம் ஒடஞ்சிரும். அதனால கடப்பாரையில பாறையத் தட்டுவோம். ஒண்ணுன்னா ராட்டினத்த நிறுத்து. ரெண்டுன்னா மண்ணுக் கூடையத் தூக்கு. மூணுன்னா..."

"மூணுன்னா?"

"நான் மேல வர்றேன்னு அர்த்தம். மூணு தட்டு கேட்டா எவனும் எந்த வேலையில இருந்தாலும் வுட்டுட்டு வந்து வடத்தப் புடிக்கணும்."

நாலாவது மிருகத்துக்கு ஆள் தேடிய அன்று பாயின் கடை வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். கட்டை உயரம், வெள்ளை வேட்டி, தோளில் ஒரு சாக்குப்பை. கழுத்துக்கு மேலே பெருச்சாளி. பழைய பேப்பரைப் புளியங்கொட்டைப் பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தலை. மீசை மட்டும் நிஜமான பன்றி முடி. நாங்கள் இன்னும் வேஷமே முடிவு பண்ணவில்லை. அவர் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

"நாலாவதா சிங்கம் வெக்கலாம்னு இருக்கறோங்க" என்றார் பாய்.

"வேண்டாங்க. பெருச்சாளி வெய்யுங்க." குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"பல்பொடிக்குப் பெருச்சாளிங்களா?"

"மண்ணைக் கடிச்சுத் தின்னாலும் பல்லு தேயாத ஜீவன் வேற எதுங்க?"

பாய் சிங்கத்தை அங்கேயே விட்டுவிட்டார். பெயர் கேட்டோம். "அதாங்க, பெருச்சாளி" என்றார். முகமூடியைக் கழற்றச் சொன்னோம். "ஆட்டம் முடியட்டுங்க" என்றார். ஆட்டம் ஒன்றரை வருஷம் முடியவில்லை.

ஆமாம், ஒன்றரை வருஷம் அவர் முகத்தை எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. டீயைச் சைக்கிள் வால்வ் டியூப் வைத்து உறிஞ்சுவார். பஸ்ஸில் முகமூடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டு எப்போதும் காலி. கண்டக்டர்கள் டிக்கெட்டை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கம்பியில் செருகிவிட்டுப் போவார்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

மூளை என்றால் அப்படி ஒரு மூளை. சைக்கிள் பிரேக் ஒயரை யானைக்குள் விட்டு, நான் பின்னால் பிரேக் பிடித்தால் முன்னால் காது ஆடும்படி செய்தார். செடிக்கு மருந்தடிக்கிற பம்பைத் தும்பிக்கைக்குள் வைத்துத் தண்ணீர் பீய்ச்ச விட்டார். புலிக்கு டைனமோ வைத்துக் கண் எரிய வைத்தார். பாய் வாலைச் சுழற்றினால் கண் எரியும். சில நாள் கண் எரிந்த வேகத்தில் பாயின் மீசையும் கருகும்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. அப்போது பக்கத்தில் நின்ற எங்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

பொம்மிடி ஸ்டேஷனில் ஒரு தடவை அவர் குழாயடியில் முகம் கழுவப் போனார். முகமூடி சிமெண்ட் பெஞ்சின் மேல் இருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தலையில் துண்டைப் போர்த்திக் குனிந்திருந்தார். இதை விட்டால் ஆகாது என்று செருப்பு சத்தம் கேட்காமல், பூனைக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, அடிமேல் அடி வைத்துப் போனேன். இன்னும் பத்தடி இருக்கும்.

"முப்பத்தொம்பது அடி வெச்சிருக்கே" என்றது துண்டு. "வலது செருப்பு வாரு அந்துபோச்சு. போய்த் தெச்சுக்கோ."

குனிந்து பார்த்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. மனசுக்குள் சிரித்துக்கொண்டு திரும்பி ஒரு அடி வைத்தேன். பட்டென்று அறுந்தது.

இன்னொரு நாள் தீர்த்தமலை அடிவாரம். மலைக்குப் போகிற ஜனங்களுக்காக ஆட்டம். புலி உறுமலுக்காக அவர் ஒரு பானை செய்திருந்தார். வாயில் தோல் கட்டி, நடுவில் நரம்பு கோத்து, ஈரத்துணியால் இழுத்தால் நிஜப் புலி மாதிரியே உறுமும். அன்றைக்கு இழுத்தார். மலையிலிருந்து பதில் உறுமல் வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

டெம்போவில் வரும்போது பாய் சொன்னார்: "எதிரொலி என்னாமா வந்துச்சு பாத்தீங்களா!"

பெருச்சாளி பானையைச் சாக்குப்பைக்குள் வைத்துக் கட்டினார். பிறகு, "எதிரொலின்னா நாம முடிச்சப்புறந்தாங்க வரும்" என்றார். "இது நான் இழுக்கறதுக்கு முன்னாடியே வந்துச்சு."

அன்றைக்கு ஆரோக்கியம் வீடு போய்ச் சேரும்வரை ஜெபமாலையைக் கையிலிருந்து விடவில்லை. கரடித் தோலைக் கழற்றவும் மறந்துவிட்டான். அவன் வீட்டில் வேறு ரகளை.

இதெல்லாம் சில்லறை. பெரியது, மண்ணைக் கேட்க அவர் செய்து வைத்திருந்த அந்தக் காது.

பழைய மைக்செட் புனல் ஒன்று. அகன்ற வாயில் உடுக்கைக்குக் கட்டுகிற மாதிரி மெல்லிய தோல். தோலின் நடுவிலிருந்து கீழே ஒரு இரும்புக் கம்பி. ஒடுங்கிய வாயிலிருந்து டாக்டர் வைக்கிற ரப்பர் குழாய். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. தினமும் உச்சி வெயிலில், நிழல் காலுக்கடியில் ஒடுங்குகிற நேரத்தில், எந்த ஊராக இருந்தாலும் கூட்டத்தை விட்டு விலகிப்போவார். கம்பியை மண்ணில் குத்துவார். குழாயை முகமூடிக்குள் விட்டுக்கொண்டு மண்டி போடுவார். அந்த நேரத்தில் காக்கா கத்தாது. நான் கவனித்திருக்கிறேன். வெயில் மட்டும் கொய்யென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் வலதுகை தானாக மேலே எழும். மூன்று விரல்.

எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வந்து, "சாப்புடலாங்களா?" என்பார்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "அண்ணே, அதுல என்னாண்ணே கேக்குது? எனக்கும் ஒருவாட்டி குடுங்க."

குழாயைக் கொடுத்தார். கேட்டேன். என் ரத்தம் ஓடுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் நான் யார்? கண்ணை உருட்டி, உடம்பைச் சிலிர்த்து, "அய்யோ அண்ணே! தட்டுது!" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நெசமாவா? உனக்கும் கேக்குதா? எத்தினி?"

"அஞ்சு!" என்று சொல்லிச் சிரித்தேன்.

கையை விட்டார். குழாயை வாங்கிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முகமூடிக்கு அழத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாடைக்குக் கீழே பேப்பர் ஊறிப்போயிருந்ததை அன்று பார்த்தேன். வேர்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவராகவே சொன்னது இவ்வளவுதான்: "மேலதான்டா மொரப்பூரு, பொம்மிடி, தீர்த்தமலையெல்லாம். அடியில எல்லாம் ஒரே வூடு."

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆழப்படுத்த ஆரம்பித்தார்கள். பொம்மிடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துக் கிணறு ஒன்றில் முனுசாமிக்கு வேலை. அன்றைக்குப் பொம்மிடியில் எங்களுக்கு மூன்று மணிக்கு ஆட்டம். மதியம் டெம்போ வந்து முனுசாமியை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே அவனோடு போய்விட்டேன். நேரம் மிச்சமாகட்டும் என்று யானைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டே போயிருந்தேன்.

பாறையில் ஆறு குழி போட்டு வெடிமருந்து கெட்டித்தார்கள். திரியைப் பற்றவைத்துவிட்டு முனுசாமி மேலே வந்தான். மேஸ்திரிக்கு மருந்து வாங்கப் போகிற வேலை. போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "யோவ் யானை, சும்மாதானே நிக்கறே? வெடி எண்ணு. ஆறு வெடிச்சாத்தான் ஆளு எறங்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் நாளைக்குக் காத்தாலதான். இது வெளையாட்டு இல்ல."

"நமக்கு எண்ணத் தெரியாதுங்களா!" என்றேன். மூன்றாம் வகுப்பு மூன்று வருஷம்.

வெடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று, நான்கு சேர்ந்தாற்போல. ஐந்து. பிறகு ஒரு நிசப்தம். பிறகு மலைப்பக்கமிருந்து, கொஞ்சம் மெதுவாக, டும்.

"ஆறு!" என்று கத்தினேன். "எறங்குடா, ஆட்டத்துக்கு நேரமாவுது!"

முனுசாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானைக்குள் ஒன்றரை வருஷம் நான் அவனை நம்பி நடந்தேன். அன்றைக்கு ஒரு தடவை அவன் என்னை நம்பினான். புகை அடங்கியதும் கூடையில் கால் வைத்து இறங்கினான். மேலே நாங்கள் மூன்று பேர் ராட்டினத்தில். அவன் உள்ளே ஒரு கல்லை நெம்பினான். வெடியில் ஆடிப்போயிருந்த ஒரு பக்கத்து மண் அப்படியே, பால் பொங்கி வழிகிற மாதிரி சத்தமில்லாமல், சரிந்து விழுந்தது.

தூசி மேலே வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

கத்தினோம். பதில் இல்லை. முனுசாமியின் பெண்டாட்டி சின்னப்பொண்ணு கஞ்சி கொண்டுவந்தவள், தூக்குப்போசியோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எவன்டா எறங்கச் சொன்னது? வரப்புல போறப்பவே எண்ணிக்கிட்டுதான் போனேன். அஞ்சு! ஆறாவது மலை எதிரொலிச்ச சத்தம். ஆறாவது வேட்டு உள்ள உசுரோட கெடக்குது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே யானை, இடுப்புக்கு மேலே கொலைகாரன். கோமாளிக்கு அதைவிட மோசமான வேஷம் கிடையாது.

"எறங்கலாங்க மேஸ்திரி..." என்றேன்.

"எதுக்கு? மண்ணு மூடியாச்சு. செத்தவன எடுக்க இன்னும் ரெண்டு பேர சாவக் குடுக்கச் சொல்றியா? உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சா நானே எறங்குவேன். இல்லாட்டிப் போனா நாளைக்குத்தான். இது எங்க சட்டம்."

அந்த நேரத்தில்தான் டெம்போ வந்தது. புலி இறங்கியது, கரடி இறங்கியது, கடைசியாகப் பெருச்சாளி. உச்சி வெயில். நிழல் காலுக்கடியில். காக்கா ஒன்றுகூடக் கத்தவில்லை. யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் நேராகக் கிணற்று விளிம்புக்கு வந்தார், பாறை வெடிப்பில் கம்பியைச் செருகினார், மண்டி போட்டார்.

கை மேலே எழுந்தது. மூன்று விரல்.

"உசுரோட இருக்கறான்!" என்று பாய் கத்தினார். ஆனால் பெருச்சாளி எழவில்லை. முகமூடி மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"டேய் பின்னங்காலு. இங்க வா. நீ கேளு."

"நீங்கதான் கேட்டுட்டீங்களேண்ணே?"

"எனக்கு எப்பவும் கேக்குதுடா" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல். "பதினாறு வருசமா கேக்குது. எங்கண்ணன் அடியில. நான் ராட்டினத்துல. ரேடியோவுல பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் பாட்டுல இருந்தேன். அவன் மூணு தட்டியிருக்கறான். நான் கேக்கலை. அதுக்கப்புறம் இந்த மூஞ்சிய எங்காத்தாளுக்குக் காட்ட முடியல, அதான் மூடிக்கிட்டேன். இப்ப கேக்கறது முனுசாமியா, எங்கண்ணனா? எனக்குத் தெரியலடா. உனக்குத்தான் ஒண்ணும் கேக்காதே. உனக்குக் கேட்டாத்தான் நெசம்."

குழாயைக் காதில் வைத்தேன். என் ரத்தம். என் ரத்தம். பிறகு, வெகு ஆழத்திலிருந்து,

டொக்.

டொக்.

டொக்.

முனுசாமி தட்டினால் படபடவென்று தட்டுவான். என் மண்டைக்கு அது தெரியும். இது நிதானமாக இருந்தது. நேரம் ஏராளமாக வைத்திருக்கிற ஆள் தட்டுகிற மாதிரி.

"மூணு" என்றேன். வாய் கோணிக்கொண்டது. "மூணுங்க மேஸ்திரி!"

"இவன் சொல்றதயா நம்பறது? அஞ்ச ஆறுன்னு சொன்ன வாயி!"

நியாயமான கேள்வி. நான் மேஸ்திரியாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். அப்போது சின்னப்பொண்ணு எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். என்னை அடிக்கத்தான் போகிறாள் என்று கன்னத்தைக் காட்டினேன்.

"இந்த மனுசன் எங்கிட்ட ஆயிரம் பொய் சொல்லியிருக்கறாருங்க" என்றாள் மேஸ்திரியிடம். "அத்தனையும் சிரிச்சிக்கிட்டே சொன்னது. அழுதுகிட்டே பொய் சொல்ல இவருக்குத் தெரியாது. எறங்குங்க."

மேஸ்திரி முண்டாசை அவிழ்த்தார். அதற்குள் பெருச்சாளி கூடையில் ஏறிவிட்டார். "மண்ணு நோண்டறது பெருச்சாளி வேலைங்க. நீங்க வடத்தப் புடிங்க" என்றார். பிறகு பாயிடம், "புலிக் கண்ணக் குடுங்க" என்றார். என்னிடம், "டெம்போவுலருந்து தும்பிக்கைய எடுத்துக் குடு" என்றார். பல்பொடி விற்கச் செய்த சாமான்கள். டைனமோவைச் சுற்றிக்கொண்டு, மருந்தடிக்கிற பம்பை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலேயிருந்து பார்த்தால் இருட்டுக்குள் புலியின் இரண்டு கண்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன.

முதலில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். வெடிக்காத குழியைத் தேடிப்பிடித்துத் தும்பிக்கையால் நனைக்கிறார். பிறகு மண்ணைப் பறிக்கிற சத்தம். வெறும் கையால். பற பற பறவென்று, மனுஷன் தோண்டுகிற சத்தமாகவே அது இல்லை. ஆரோக்கியம் கரடித் தோலோடு சிலுவை போட்டுக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். என் எண்ணிக்கையை நானே நம்புவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

டொக் டொக் டொக். இது எல்லோர் காதிலும் விழுந்தது. கடப்பாரை.

இழுத்தோம். கூடை மேலே வந்தது. கூடைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தது பெருச்சாளி.

"அய்யோ, இவுரு மட்டும் வந்துட்டாரே!" என்று சின்னப்பொண்ணு மண்ணில் விழுந்தாள்.

பெருச்சாளி மெல்ல ஒரு கையைத் தூக்கி, என் தலையைத் தேடி, ஒரு தட்டு தட்டியது. நில்.

பாய் அந்தத் தலையைப் பிடித்துக் கழற்றினார். உள்ளே முனுசாமி. மேலேயிருந்து கல் விழுந்தால் மண்டை தாங்கட்டும் என்று தன் தலையை அவனுக்கு மாட்டி அனுப்பியிருந்தார் அந்த மனுஷன். மேலே இரண்டு கல் விழுந்து பொத்தலாகியும் இருந்தது.

மறுபடி மூன்று தட்டு. மறுபடி இழுத்தோம். ஒன்றரை வருஷமாக நாங்கள் பார்க்கத் துடித்த முகம் மேலே வந்தது. என்ன சொல்ல? கொம்பு இல்லை, தழும்பு இல்லை. சாதாரண முகம். எந்த பஸ் ஸ்டாண்டிலும் நாலு பேருக்கு இருக்கிற முகம். வெயிலே படாமல் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

நான் முனுசாமிக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே திட்டினேன். "ஏன்டா பாவி, அவ்ளோ மெதுவாவா தட்டறது? எனக்கு உசுரே போச்சு."

"எங்கடா தட்டினேன்?" என்றான். "கையி ரெண்டும் மண்ணுக்குள்ள மாட்டிக்கிச்சு. பெருச்சாளி அண்ணன் வந்து வாயில மண்ணு எடுத்தப்பத்தான் எனக்குக் கண்ணே முழிச்சுது."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். மேஸ்திரி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாகப் பின்னால் நகர்ந்தார்.

பெருச்சாளி மட்டும் அந்தக் காதை எடுத்து மறுபடி மண்ணில் வைத்தார். வெறும் முகத்தோடு மண்டி போட்டார். நாங்கள் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கை எழவில்லை.

"இப்ப தட்டலை" என்றார். அந்தச் சாதாரண முகம் சிரிக்க முயற்சி செய்து பழக்கமில்லாமல் தடுமாறியது. "எங்கண்ணன் மேல வந்துட்டான் போலருக்குதுடா."

காதைப் பிடுங்கி, குழாயைச் சுருட்டி, என் கையில் கொடுத்தார். "இனிமே எனக்கு வேண்டாம். உனக்கும் கேக்குதில்ல? நீ வெச்சுக்கோ."

அடுத்த சந்தைக்கு அவர் வரவில்லை. எங்கெங்கோ தேடினோம். கஷ்டம் என்னவென்றால், முகமூடியோடு எத்தனை பெரிய கூட்டத்திலும் தெரிந்த மனுஷன், முகமூடி இல்லாமல் எந்தக் கூட்டத்திலும் தெரியவில்லை. அந்த முகம் யாருக்கு வேண்டுமானாலும் இருந்தது. முனுசாமி சாகும்வரை பார்க்கிற ஆளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான், அவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

நான் தேடுவதை விட்டே முப்பது வருஷம் ஆயிற்று. ஆனால் போன மாதம் மொரப்பூர் ஸ்டேஷனில், உச்சி வெயில் நேரம், பிளாட்பாரத்தில் ஆளே இல்லை. நடந்து போய்க்கொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால், பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல், "வலது செருப்பு வாரு அந்துபோச்சு" என்றது. நான் திரும்பி...

"ஏங்க! போர் போடற லாரி வந்து நிக்குதுங்க! எந்த எடத்துல மிஷின எறக்கறதுன்னு கேக்கறாங்க, சீக்கிரம் வாங்க!"

என் வீட்டுக்காரி. மன்னிக்க வேண்டும், போகத்தான் வேண்டும். எழுதுகிறவளும் பேனாவை மூடுகிறாள். லாரிக்காரன் நான் வருவதற்குள் எங்கேயாவது ஓட்டையைப் போட்டுவிடுவான். அதற்கு முன்னால் பரண் மேலிருக்கிற காதை எடுத்து அந்த இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெருச்சாளி அண்ணன் இப்போது மண்ணுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. எங்கிருந்து மூன்று தட்டு தட்டினாலும், வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் வடத்தைப் பிடிக்க ஒரு ஆள் இருக்க வேண்டுமில்லையா.